நிபா சந்தேகம் என்றால் ஆம்புலன்ஸில் இருக்கும் நாங்கள் இரண்டு பேர் என்னதான் செய்வது?

நைட்ஷிஃப்ட்:

கோவை மாவட்டத்தில், வாளையார் செக்போஸ்ட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஓடும் ஒரு ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக, அதாவது நோயாளியோடு பின்னால் உட்கார்ந்து முதலுதவி செய்யும் ஆளாக, இருக்கிறேன். எந்தச் சேவை என்று கேட்காதீர்கள், வேலை வேண்டும். அநேகமாக ஒவ்வொரு வருஷமும் மே தொடங்கி செப்டம்பருக்குள் கேரளாவில் கோழிக்கோட்டிலோ மலப்புரத்திலோ நிபா, அந்த வவ்வாலிலிருந்து வரும் மூளைக்காய்ச்சல் வைரஸ், என்று செய்தி வரும், செக்போஸ்ட்டில் தெர்மாமீட்டரோடு ஆள் நிற்பார்கள், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "அனைவரும் எச்சரிக்கையாக இருக்கவும்" என்று ஒரு வரி வரும். எதில் எச்சரிக்கை, எப்படி எச்சரிக்கை என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு வாரத்தில் எல்லாரும் மறந்துவிடுவோம், நான் உட்பட.

போன மாதம் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு போன் கால். முப்பது வயது ஆள், நாலு நாள் காய்ச்சல், ஃபிட்ஸ் வந்திருக்கிறது. போனோம், தூக்கினோம், ஏற்றினோம். வாயில் நுரை, அதை உறிஞ்சி எடுக்க நான் வழக்கம்போல சக்‌ஷன் போட்டேன், ஒரு சாதா மாஸ்க், ஒரு ஜோடி கிளவுஸ், அவ்வளவுதான். வண்டி கிளம்பி ஐந்து நிமிடம் கழித்து அவருடைய மாமியார் சொல்கிறார், "போன வாரம்தான் பெரிந்தல்மண்ணா வேலையிலிருந்து வந்தான்". அது மலப்புரம் மாவட்டம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சீட்டுக்கு அடியில் இருந்த பிபிஇ பாதுகாப்பு உடை கிட்டை எடுத்துப் பிரித்தால் கண்ணாடியின் எலாஸ்டிக் இற்றுப்போய்க் கையோடு வருகிறது. வண்டி ஓட்டும் எங்கள் பைலட் அண்ணன் அரைக்கைச் சட்டையோடு நோயாளியின் கால் பக்கம் பிடித்துத் தூக்கியவர், அதே கையோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கிறார்.

கடைசியில் அது நிபா இல்லை, வேறு மூளைக்காய்ச்சல் என்று சொன்னார்கள். ஆனால் ரிசல்ட் வரும்வரை மூன்று நாள் நான் மொட்டை மாடியில் படுத்தேன். என் பெண்ணுக்கு இரண்டு வயது. படியில் நின்று "அப்பா" என்று கூப்பிடும்.

பயிற்சி கொடுத்தார்களா என்றால், கொடுத்தார்கள். ஒரு ஹாலில் நூறு பேர், ஸ்லைடு ஷோ, டீ, சர்டிபிகேட். பிபிஇயை ஒருவர் மேடையில் போட்டுக் காட்டினார், கழற்றிக் காட்டுவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. என் கேள்வி இதுதான். மேலேயிருந்து வரும் என்று காத்திராமல், ஒரு இ.எம்.டி.யும் ஒரு பைலட்டுமாக, கைக்காசு அதிகம் போகாமல், நாங்களே என்ன பழகிக்கொள்ள முடியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வார்டு அக்கா:

தம்பி, நீ பயந்தது சரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் பயந்தவனைக் கிண்டல் செய்வார்கள். நான் பதினாறு வருஷமாக நர்ஸ், அதில் ஏழு வருஷம் தொற்றுக் கட்டுப்பாட்டு வேலை.

இந்தியாவில் நிபாவின் கதையை எடுத்துப் பார்த்தால் அது ஊருக்குள் பரவியதைவிட மருத்துவமனைக்குள் பரவியதுதான் அதிகம். 2001ல் சிலிகுரியில் 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தார்கள், அதில் நாலில் மூன்று பேருக்கு மருத்துவமனையில்தான் தொற்றியது, ஊழியர்களும் பார்க்க வந்தவர்களும் உட்பட. 2018ல் கோழிக்கோட்டில் முதல் நோயாளியைச் சிடி ஸ்கேனுக்குக் கொண்டுபோய் நடைபாதையில் வைத்திருந்த நேரம், அவர் இருமிக்கொண்டிருந்தார், அந்த நடைபாதையில் நின்றவர்களுக்குத்தான் பிறகு வரிசையாக வந்தது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லினி அந்த மே மாதமே இறந்துபோனார். அவரைப் பார்த்துக்கொண்ட நேரத்தில் இதன் பேர் என்ன என்று யாருக்கும் தெரியாது. நீங்களும் அதே இடத்தில்தான் நிற்கிறீர்கள், பேர் வைப்பதற்கு முன்னால் நோயாளியைத் தொடும் ஆட்கள்.

அந்த மேடைக்காரர் விட்டுவிட்ட பகுதிதான் முக்கியமான பகுதி. போடுவதை யாரும் போடலாம். கழற்றும்போதுதான் கையில், கழுத்தில், முகத்தில் ஒட்டும். இதைப் பழக ஒரு வழி சொல்கிறேன், செலவு பத்து இருபது ரூபாய். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் வாங்கு. கொஞ்சம் தண்ணீரில் கலக்கி, பிபிஇ போட்டபிறகு கிளவுஸிலும் மார்பிலும் முழங்கையிலும் நன்றாகத் தெளித்துக்கொள். பத்து நிமிடம் ஒரு பொம்மையையோ தலையணையையோ நோயாளியாக வைத்து வேலை பார். பிறகு கழற்று. கழற்றி முடித்துக் கண்ணாடி முன்னால் போய் நின்று பார். எங்கெல்லாம் நீலம் இருக்கிறதோ அங்கெல்லாம் வைரஸ். முதல் தடவை செய்தபோது என் காது மடலுக்குப் பின்னால் நீலம், எனக்கே வெட்கமாகப் போய்விட்டது, நான்தான் அன்றைக்குப் பாடம் எடுத்தவள்.

கழற்றும் வரிசை கிட்டுக்குக் கிட்டு கொஞ்சம் மாறும், அதில் சண்டை வேண்டாம். மாறாதது இவ்வளவுதான்: வெளிக் கிளவுஸ்தான் அதிக அழுக்கு, அதனால் அது முதலில் போகட்டும். கவரால் (உடம்பை மூடும் முழு உடுப்பு) உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி, பாய் சுருட்டுவதுபோல மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே வரவேண்டும், உதறக்கூடாது. கண்ணாடியைப் பின்பக்கப் பட்டையைப் பிடித்துக் கழற்ற வேண்டும், முன்பக்கம் தொடக்கூடாது. என்95 எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் நோயாளியைவிட்டுத் தள்ளிப் போனபிறகு. ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஹேண்ட்ரப் (கை சானிடைசர்). பக்கத்தில் பைலட் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும், "இப்போ கை தேய், இப்போ பட்டையைப் பிடி" என்று. களைத்துப்போய் அதிகாலை நாலு மணிக்குக் கழற்றும் ஆளுக்கு ஞாபகம் இருக்காது, பக்கத்தில் நிற்கிறவனுக்கு இருக்கும்.

இன்னொன்று, தாடி இருந்தால் என்95 முகத்தில் ஒட்டாது. கோபித்துக்கொள்ளாதே.


ரிட்டயர்டு பைலட்:

அக்கா சொன்னது எல்லாம் பின்னால் உட்காருகிற ஆளுக்கு. முன்னால் உட்காருகிறவனைப் பற்றி எப்போதும் யாரும் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன்.

தூக்குவதற்கு பைலட்டும் வருவான், அதைத் தவிர்க்க முடியாது, நம் ஊர் மாடிப்படியில் இரண்டு பேர் இல்லாமல் ஸ்ட்ரெச்சர் இறங்காது. அப்படித் தூக்கியவன் ஓட்டுவதற்கு முன்னால் கவரால், கிளவுஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கையைச் சுத்தம் பண்ணிவிட்டு, மாஸ்க்கை மட்டும் வைத்துக்கொண்டுதான் கேபினுக்குள் ஏறவேண்டும். இரண்டு நிமிடம் போகும். போகட்டும். அதே கிளவுஸோடு கதவு, கியர், ஸ்டியரிங், போன் என்று தொட்டால் அந்த வண்டியை அப்புறம் கழுவிப் பிரயோஜனமில்லை, அடுத்த ஷிஃப்ட்காரன் வந்து அதில்தான் கை வைப்பான்.

காற்று விஷயம். நடுவில் இருக்கும் தடுப்புக் கண்ணாடியை நோயாளியை ஏற்றுவதற்கு முன்னாலேயே மூடிவிட வேண்டும், ஏற்றிய பிறகு இல்லை. முன்பக்கம் வெளிக்காற்று வருகிற மாதிரி வெண்ட்டைத் திறந்து வை, ஏசி போட்டால் உள்காற்றையே சுற்றும் பட்டனை அணைத்துவிடு. பின்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் முழு வேகத்தில் போடு. அப்போது காற்று முன்னாலிருந்து பின்னால் போகும், நோயாளியின் மூச்சு உன் பக்கம் வராது. தடுப்பே இல்லாத பழைய வேன் என்றால் இது இன்னும் முக்கியம். ஒரு ஊதுபத்தி கொளுத்திப் பின்னால் வைத்துப் பார்த்தால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன், எங்கள் வண்டியில் ஃபேன் மாற்றித் திருப்பி மாட்டியிருந்தார்கள், வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, எத்தனை வருஷமோ!

கிளம்புவதற்கு முன்னால் தேவையில்லாத சாமானை எல்லாம் இறக்கிவிடு. கம்பளி, தலையணை, அந்தப் பழைய ரிஜிஸ்டர் நோட்டு. மானிட்டர் மேல் ஒரு டிரான்ஸ்பரண்ட் கவர் போட்டுவிடு. சொந்தக்காரர் ஒருத்தருக்கு மேல் ஏற்றாதே. நாலு பேர் ஏறத்தான் பார்ப்பார்கள், அழுவார்கள், திட்டுவார்கள். "அண்ணே, பின்னாலேயே ஆட்டோவில் வாங்க, எங்க போறோம்னு நானே போன் பண்றேன்" என்று சொல்லி நம்பர் வாங்கிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். அந்த நம்பர் பிறகு சுகாதாரத்துறை கேட்கும்போதும் உதவும்.

கழுவுவது: கடையில் கிடைக்கும் ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி 5 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர், அது 1 சதவீதம் ஆகும். அன்றன்றைக்குக் கலக்கியதுதான், நேற்றைய வாளி வேண்டாம். ரத்தம், வாந்தி இருந்தால் முதலில் டிஷ்யூ போட்டு உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் மருந்து, அழுக்கின் மேல் ஊற்றினால் வேலை செய்யாது. துடைத்துவிட்டுக் குறைந்தது பத்து நிமிடம் ஈரமாக இருக்கவிடு, பிறகு இரும்பு பாகங்களைத் தண்ணீரால் துடைத்துவிடு, இல்லையென்றால் துருப்பிடிக்கும். ஆசிட்டோடு கலக்காதே, குளோரின் வாயு கிளம்பி, அதற்கு இன்னொரு ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியிருக்கும்.


சந்தேகப்பிராணி:

எல்லாம் சரி, ஆனால் ஒரு கேள்வி. கோவைக்காரன் ஒருத்தனுக்கு நிபா வர எவ்வளவு வாய்ப்பு? 2023ல் கோழிக்கோட்டில் அவ்வளவு அமளி, மொத்தமே 6 கேஸ். உலகத்தின் டிபி நோயாளிகளில் நாலில் ஒரு பங்கு இந்தியாவில் இருக்கிறார்கள். தினமும் இருமிக்கொண்டு ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு டிபி என்று யாருக்குத் தெரியும்? அதற்கு மாஸ்க் போடாதவர்கள் வவ்வால் வைரஸுக்கு விண்வெளி உடை தேடுகிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை வரும் விருந்தாளிக்குப் பந்தல் போட்டுவிட்டு வீட்டு அடுப்பை எரியவிடாமல் இருப்பது மாதிரி இருக்கிறது.


கேஷுவால்டி:

சந்தேகப்பிராணி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்குப் பதில் அவருடைய பாதிக்குள்ளேயே இருக்கிறது: இருமும் ஒவ்வொருவருக்கும் மாஸ்க் கொடு, நீயும் போடு, ஜன்னலைத் திற என்று டிபிக்காகத் தினமும் பழகிய கைக்கு நிபா வரும் நாளில் புதிதாகக் கற்றுக்கொள்ள மிச்சம் கொஞ்சம்தான். ஆனால் "6 கேஸ்தானே" என்ற கணக்கு தப்பு சார். அந்த 6 பேரில் ஒருவர் சுகாதார ஊழியர். அது 6 பேரோடு நின்றதற்கே காரணம் நூற்றுக்கணக்கான தொடர்பாளர்களைத் தேடிப் பிடித்து உட்காரவைத்ததுதான்.

நான் எமர்ஜென்சியில் டாக்டர். நைட்ஷிஃப்ட், உங்கள் கதையில் பிபிஇ கிட் இற்றுப்போனது எனக்கு இரண்டாவது பிரச்சினையாகத்தான் தெரிகிறது. முதல் பிரச்சினை, பெரிந்தல்மண்ணா என்ற வார்த்தை ஐந்து நிமிடம் தாமதமாக வந்தது. கிட் புத்தம்புதிதாக இருந்திருந்தாலும் நீங்கள் அதைத் தொட்டிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் தொடவேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது.

2014ல் அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் நடந்தது இதேதான். லைபீரியாவிலிருந்து வந்த ஒருவர் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனார், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன் என்று சொன்னார், அந்தத் தகவல் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேரவில்லை, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். எபோலா என்று உறுதியாவதற்குள் அதே ஆம்புலன்ஸ் இரண்டு நாள் மற்ற நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது. அந்த ஆம்புலன்ஸ் ஊழியர்களை 21 நாள் கண்காணித்தார்கள், நல்லவேளை அவர்களுக்கு வரவில்லை. மருத்துவமனையில் இரண்டு நர்ஸ்களுக்கு வந்தது. பணத்துக்கோ உடைக்கோ பஞ்சமில்லாத ஊர் அது.

அதனால் கேள்வியைப் பழகுங்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால், வாசலில் ஆறடி தள்ளி நின்று, முப்பது விநாடி. காய்ச்சலா? அதோடு மயக்கம், குழப்பமான பேச்சு, ஃபிட்ஸ், மூச்சுத்திணறல் ஏதாவது உண்டா? கடந்த மூன்று வாரத்தில் எங்கே போனார், எங்கே வேலை? வீட்டில், அக்கம்பக்கத்தில் வேறு யாருக்காவது இதே மாதிரி வந்ததா, யாராவது இறந்தார்களா? கடைசிக் கேள்வியை விடாதீர்கள். 2018ல் கோழிக்கோட்டு டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்ததே ஒரே வீட்டில் இரண்டாவது ஆள் அதே அறிகுறியோடு வந்ததால்தான். இந்தக் கேள்விகளை அழைப்பை எடுக்கிறவர்களே போனில் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது, ஆனால் அவர்கள் கேட்டார்கள் என்று நம்பி நீங்கள் கேட்காமல் இருக்காதீர்கள், போனில் ஒருவர் சொல்வதும் வீட்டில் மாமியார் சொல்வதும் வேறாக இருக்கும்.

பதிலில் பொறி தட்டினால் நோயாளிக்கு ஒரு சாதா மாஸ்க் (மூச்சு அனுமதித்தால்), நீங்கள் உடை போட்டுக்கொண்டு உள்ளே. நெபுலைசர் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் கட்டாயம் என்றால் மாஸ்க்குக்கும் பேக்குக்கும் நடுவில் ஒரு வைரல் ஃபில்ட்டர், சின்னப் பொருள்தான், கிட்டில் இரண்டு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சக்‌ஷன் போடவேண்டியிருந்தால் போடத்தான் வேண்டும், மனுஷன் மூச்சு முட்டிச் சாகக்கூடாது, ஆனால் என்95, கண்ணாடி போட்டபிறகு. அப்புறம் தயவுசெய்து எங்களுக்குப் போன் செய்யுங்கள். வாசலில் வந்து நின்று "சார் ஒரு நிபா சஸ்பெக்ட்" என்று கேஷுவால்டி நடுவில் கத்தாதீர்கள். எந்த கேட், யார் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று தெரியும்வரை வண்டியை விட்டு இறக்காதீர்கள். அக்கா சொன்ன அந்த சிடி நடைபாதை எப்போதும் ஞாபகம் இருக்கட்டும்.


ஸ்கார்பரோ சிவம்:

தம்பி, நான் இலங்கையிலிருந்து வந்து கனடாவில், ரொறன்ரோவில், ஆம்புலன்ஸ் பாராமெடிக்காக இருக்கிறேன். ஆம்புலன்ஸ் என்றால் ஊரில் நாங்கள் நோயாளர் காவு வண்டி என்று சொல்வதுதான். 2003ல் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று வந்தது எங்கட ஸ்கார்பரோவில் இருக்கும் ஒரு மருத்துவமனையில்தான், நான் அப்ப வேலைக்குச் சேரவில்லை, பழைய ஆக்கள் சொல்லக் கேட்டது. ஹொங்கொங் போய் வந்த ஒரு அம்மா வீட்டிலேயே இறந்துபோனா, பிறகு மகன் அவசரப் பிரிவுக்கு வந்து ஓர் இரவு முழுக்க மற்ற நோயாளிகளுக்குப் பக்கத்தில் கிடந்தார். அதிலிருந்து கிளைவிட்டது.

இங்கே ஒருவரும் பேசாத விஷயம் ஒன்று சொல்கிறேன். அந்த முறை பாராமெடிக்குகள் நாலு பேருக்குத்தான் சார்ஸ் என்று சொல்லக்கூடிய அளவுக்கு வந்தது. ஆனால் பாதுகாப்பில்லாமல் நோயாளிக்குப் பக்கத்தில் போனார்கள் என்று 400க்கும் மேற்பட்டவர்களைப் பத்து நாள் வீட்டில் இருத்திவிட்டார்கள். நகரத்தில் இருந்த ஆட்களில் ஏறக்குறைய பாதிப்பேர்! மாரடைப்பு வந்தவனுக்கு வண்டி ஓட்ட ஆள் வேண்டுமே. உடுப்பும் மாஸ்க்கும் உங்களுக்கு நோய் வராமல் இருக்க மட்டுமல்ல, அடுத்த நாள் வேலைக்கு வர அனுமதிக்கப்படுவதற்கும்தான். மேலதிகாரிகளிடம் கதைக்கும்போது இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், "எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்வதைவிட இதற்குக் காது கொடுப்பார்கள்.

சார்ஸுக்குப் பிறகு ஒன்ராறியோவில் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளியை மாற்ற வேண்டுமென்றால் முதலில் ஒரு மையத்தில் தொற்றுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி ஒரு நம்பர் வாங்கவேண்டும், நம்பர் இல்லாமல் நாங்கள் ஸ்ட்ரெச்சரைத் தொடுவதில்லை. எரிச்சலான வேலைதான், எல்லாரும் புறுபுறுப்பார்கள். ஆனால் டொக்டர் சொன்ன அந்தக் கேள்வி மறக்கப்படுவதில்லை.

இன்னொன்று, தனிமையில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா, எங்கே தங்குவது, இதை இப்பவே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வெட்டுவார்கள் என்றால் ஒருவனும் தனக்குக் காய்ச்சல் என்று சொல்லமாட்டான். மொட்டை மாடியில் படுக்கிற நிலை வரக்கூடாது.


நைட்ஷிஃப்ட்:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வந்து எழுதுகிறேன், கொஞ்சம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று.

ஊதுபத்தி பார்த்தோம். எங்கள் ஃபேன் சரியாகத்தான் மாட்டியிருக்கிறது, ஆனால் தடுப்புக் கண்ணாடி ஒரு விரல்கடை மூடவே இல்லை, புகை அந்த இடுக்கு வழியாக நேராக அண்ணன் கழுத்துக்குப் போனது. ரப்பர் பட்டை வாங்கி ஒட்டியிருக்கிறோம். சம்பளம் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. கிட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கேள்விகளை ஒரு அட்டையில் எழுதி முதலுதவிப் பை ஜிப்பில் மாட்டியிருக்கிறேன், முதல் நாள் ஒரு வீட்டில் கேட்டபோது "வண்டியைக் கூப்பிட்டா விசாரணை பண்றீங்களா" என்று திட்டு விழுந்தது, இப்போது "நல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் கேட்கிறேன்மா" என்று ஆரம்பிக்கிறேன், பரவாயில்லை.

சொட்டு நீலம்தான் ஆளைக் கொன்றுவிட்டது. ஷெட்டுக்குப் பின்னால், வெயிலில், இரண்டு பேரும் போட்டோம். பத்து நிமிடத்தில் கண்ணாடி முழுக்க ஆவி, கையெல்லாம் வேர்வை, உள் கிளவுஸுக்குள் தண்ணீர் தேங்கியது. நான் கழற்றியதில் இரண்டு மணிக்கட்டிலும் நீலம், கழுத்தில் ஒரு கோடு. அண்ணன் ரொம்ப நிதானமாகக் கழற்றினார், முகம், கழுத்து, கை எல்லாம் சுத்தம், எனக்கே பொறாமை. அப்புறம் வழக்கம்போல டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட ஏறினார். அவருடைய சட்டைப் பையில் பெரிய நீலத் திட்டு. மை கசிந்துவிட்டது என்று பேனாவை உதறிப் பார்க்கிறார், மை இல்லை. நடுவில் ஏதோ குறித்துக்கொள்ள நான்தான் அந்தப் பேனாவைக் கேட்டு வாங்கி, கிளவுஸ் கையோடு எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அவர் கழற்றும்போது பத்திரமாக எடுத்துப் பையில் வைத்திருக்கிறார். எழுதும்போது மூடியை வாயில் கடித்துக்கொள்ளும் பழக்கம் வேறு.

இப்போது பின்பக்கத்துக்கு ஒரு பேனா, முன்பக்கத்துக்கு ஒரு பேனா. பின்பக்கத்துப் பேனாவை நூல் போட்டு ஆக்சிஜன் சிலிண்டர் கம்பியில் கட்டிவிட்டோம். வருகிற செவ்வாய் அடுத்த ஷிஃப்ட்காரர்களையும் வரச்சொல்லியிருக்கிறோம், நீலம் இன்னும் அரை பாட்டில் இருக்கிறது. கண்ணாடியில் ஆவி பிடிக்காமல் இருக்க யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.


வார்டு அக்கா:

உள்பக்கம் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட் தடவி, காயவிட்டு, மெல்லிய துணியால் துடைத்துவிடு. மாஸ்க்கின் மூக்குக் கம்பியை நன்றாக அழுத்திவிட்டாயா பார், ஆவி மேலே வருகிறது என்றால் மாஸ்க் சரியாக ஒட்டவில்லை என்று அர்த்தம். அந்த அண்ணனிடம் மூடி கடிப்பதை நிறுத்தச் சொல்.